"தெரியாது" எண்டு சொல்ல ஏன் இவ்வளவு கஷ்டம்?

குளக்கட்டு | ஞாயிறு இரவு 8.40

இரணைமடுக் குளத்துக்குக் கீழ எங்களுக்கு மூண்டரை ஏக்கர் வயல். நான் விவசாயத்தில டிப்ளோமா படிச்சனான். அதை முதலே சொல்லிப் போடுறன், ஏனெண்டால் கதை அதில இருந்துதான் தொடங்குது.

போன காலபோகம், பயிர் குடலைக்கு வாற நேரம், வயலுக்கு நடுவில ரெண்டு இடம் மஞ்சள் பாரிச்சுது. வரம்பில நிண்டு பார்த்தன். வரம்பில நிண்டபடியே, நெல்லில சாறு உறிஞ்சிற அறக்கொட்டிப் பூச்சி எண்டு முடிவெடுத்தன். அந்த முடிவு சரிதான். அண்டைக்குப் பின்னேரமே மெசினைத் தோளில போட்டு மேலால மருந்தடிச்சன். ஒரு கிழமையில மஞ்சள் வட்டம் பெருத்து, நெருப்பு வைச்ச இடம் மாதிரி வந்திட்டுது. திருப்பியும் அடிச்சன். மூண்டாந்தரம் அடிக்க வெளிக்கிடேக்க பக்கத்து வயல் ஐயா கூப்பிட்டார். எழுபது தாண்டினவர், பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போட சரி. "தம்பி, ஒருக்கா இறங்கிக் குனிஞ்சு பாரன்" எண்டார்.

இறங்கினன். தூரை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சன். தண்ணி மட்டத்துக்கு நாலு விரல் மேல, தண்டைச் சுத்தி மண்ணிறத்தில பூச்சி அப்பிக் கிடக்கு. தட்டினால் தண்ணியில விழுந்து வழுக்கிக்கொண்டு ஓடுது. நான் அடிச்ச மருந்தெல்லாம் மேல் இலையில. அடியில ஒரு துளி இறங்கேல்லை. உந்தப் பூச்சியைத் தின்னுற சிலந்தியளைத்தான் நான் ரெண்டு தரமும் சாகடிச்சிருக்கிறன்.

இதெல்லாம் நான் படிச்சது. சோதினையில எழுதிப் புள்ளி வாங்கினது. அறக்கொட்டி அடித்தண்டில இருக்கும், யூரியா கூடினால் பெருகும், அவசரப்பட்டு அடிச்சால் இயற்கை எதிரியள் செத்துப் பூச்சி திரும்ப இன்னும் கூட வரும் எண்டு எல்லாம் தெரியும். தெரியும் எண்ட அந்த நினைப்புத்தான் என்னைக் குனிய விடேல்லை. நட்டத்தைவிட இது தான் எனக்குள்ள கிடந்து அரிச்சது.

பிறகு தேடி வாசிச்சன். யேல் பல்கலைக்கழகத்தில ரோசன்பிளிற், கீல் எண்ட ரெண்டு பேர் 2002 இல ஒரு ஆய்வு வெளியிட்டவை. சிப், பூட்டு, மலசலகூடத் தண்ணித்தொட்டி மாதிரி நாளாந்தம் புழங்கிற சாமான்களைச் சொல்லி, இது எப்பிடி வேலை செய்யுதெண்டு உங்களுக்கு எவ்வளவு விளங்கும், புள்ளி போடுங்கோ எண்டு கேட்டினம். ஆக்கள் தாராளமாப் போட்டினம். சரி, இப்ப படிப்படியா விளக்கி எழுதுங்கோ எண்டினம். எழுதத் தொடங்கினாப் பிறகு திரும்பப் புள்ளி போடச் சொன்னால், அதே ஆக்கள் தங்கட புள்ளியைத் தாங்களே குறைச்சினம். சாமானை நெடுகக் கண்டு பழகினதை விளங்கினதெண்டு மனம் எடுத்துக்கொள்ளுது.

வரம்பில நிண்டு பாக்கிறதுக்கும் தூரை விரிச்சுப் பாக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். எனக்குத் தெரியாதது இருக்கு எண்டு ஒத்துக்கொள்ளுறதை அறிவுப் பணிவு எண்டு சொல்லுவினம். உங்களுக்கும் இப்பிடி நடந்திருக்கோ? எழுதுங்கோ.


அக்கராயன்பெடியன் | ஞாயிறு இரவு 9.15

அண்ணை, இதுக்கு டனிங்-குறூகர் விளைவு எண்டு பேர். கொஞ்சம் படிச்சவுடன நம்பிக்கை மலை உச்சிக்கு ஏறும், பிறகு பள்ளத்தில விழும், பிறகு மெல்ல மெல்ல ஏறும். அந்தப் படம் எல்லா இடமும் இருக்கு. கம்பஸில எங்களுக்கு உளவியல் ஒரு பாடம், அதில காட்டினவை.


வெண்கட்டி | ஞாயிறு இரவு 10.02

தம்பி, அந்த மலையும் பள்ளமும் உள்ள படம் அவர்களுடைய கட்டுரையில் இல்லை. பிறகு யாரோ வரைந்து பரப்பியது.

கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் இருவரும் 1999 இல் செய்தது வேறு. நகைச்சுவை உணர்வு, தர்க்கம், ஆங்கில இலக்கணம் என்று மாணவர்களுக்குச் சோதனை வைத்தார்கள். நீ எத்தனையாவது இடத்தில் இருப்பாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். கடைசிக் காற்பங்கில் நின்றவர்களின் புள்ளி, நூறு பேரில் 12 பேரைத்தான் முந்தும் அளவில் இருந்தது. அவர்களோ 62 பேரை முந்தியிருப்போம் என்று நினைத்தார்கள். மேலே நின்றவர்கள் தங்களைச் சற்றுக் குறைத்தே மதித்தார்கள். படம் என்று பார்த்தால் இரண்டு கோடுகள், அவ்வளவுதான்.

அதிலும் கேள்வி இருக்கிறது. கடைசியில் நிற்பவன் தன்னைப் பிழையாக மதித்தால் அந்தப் பிழை மேல்நோக்கித்தான் போக முடியும், அவனுக்குக் கீழே இடம் இல்லை. அதோடு, பெரும்பாலான ஆட்கள் தங்களைச் சராசரிக்கு மேலே வைப்பது வழக்கம். இந்த இரண்டையும் சேர்த்தாலே அந்தக் கோடுகளின் பெரும்பகுதி வந்துவிடும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.


அக்கராயன்பெடியன் | ஞாயிறு இரவு 10.11

ரீச்சர், லெக்சரர் காட்டின சிலைட்டில இருந்தது. அவர் பிழையாக் காட்டுவாரோ?


வெண்கட்டி | ஞாயிறு இரவு 10.20

காட்டலாம் தம்பி. நானும் பதினொரு வருடம் பிழையாகக் காட்டினேன். சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானம். சுவாசம் பற்றிய பாடம். இரவில் மரங்கள் காபனீரொட்சைட்டு விடும், ஆகவே இரவில் புளியமரத்தின் கீழ் படுக்கக்கூடாது. எனக்கு என் ரீச்சர் சொன்னது, நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒரு நாள் பின்வாங்கில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "ரீச்சர், அப்ப காட்டுக்குள்ள யானை எப்பிடிப் படுக்கிறது?"

எங்கள் பள்ளிக்கூடத்து வேலிக்கு அங்கால காடு. அந்தப் பிள்ளையின் வீட்டுத் தென்னையை அந்த மாதம் தான் யானை சாய்த்திருந்தது. அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. எனக்கு முகம் சூடாகியது. "தேவையில்லாத கேள்வியை விட்டுவிட்டு எழுதும்" என்றேன். அவள் இருந்துவிட்டாள்.

அன்றிரவு முழுக்க யோசித்தேன். மரம் இரவில் சுவாசிப்பது உண்மை. அது விடும் வாயு மிகச் சொற்பம், திறந்த வெளியில் காற்றோடு கலந்து போய்விடும். ஒரே அறையில் பக்கத்தில் படுக்கும் தங்கச்சி ஒரு பூச்சட்டியைவிடப் பல மடங்கு விடுவாள். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு என்ன தடை இருந்தது? பதினொரு வருடமாக ஒரு தடையும் இல்லை. ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து வகுப்பில் சொன்னேன்: "நான் படிப்பித்தது பிழை. அந்தப் பிள்ளையின் கேள்வி சரியான கேள்வி." பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தார்கள். அடுத்த கிழமை படலையடியில் ஒரு தாய் இன்னொருவரிடம் சொல்வது காதில் விழுந்தது: "பாடம் தெரியாத ரீச்சராம்." இன்று வரை அது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் அந்தப் பிள்ளையை இருத்திய அந்த ஒரு வசனம் அதைவிட வலிக்கிறது.


புளியங்குளத்தான் | திங்கள் காலை 5.50

நான் இதுக்கு எதிர்ப்பக்கம் நிண்டு கதைக்கப்போறன். குறை நினைக்கக்கூடாது.

அறிவுப் பணிவு, அடக்கம் எண்டு எங்கட சனத்துக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. பணிஞ்சு பணிஞ்சே முதுகு கூனிப்போன சனம். மீள்குடியேறின காலத்தில படிவத்தோட வந்த ஒவ்வொருத்தருக்கும் "ஓம் சேர், ஓம் மிஸ்" எண்டு சொன்ன ஆக்கள் நாங்கள். கிணறு இந்த இடத்தில வெட்டினால் உவர்த்தண்ணி வரும் எண்டு என்ர அம்மாவுக்குத் தெரியும். அவ அந்தக் காணியில பிறந்தவ. வந்த பெடியன் வரைபடத்தைப் பாத்து இங்கதான் எண்டான். அம்மா ஒண்டும் பறையேல்லை. "அவை படிச்ச ஆக்கள், அவைக்குத் தெரியாததே" எண்டா. வெட்டினாப் பிறகு வாயில வைக்கேலாத தண்ணி.

அம்மாவுக்கு உங்கட அந்த அறிவுப் பணிவு குறைஞ்சதோ, கூடினதோ, சொல்லுங்கோ பாப்பம்.

இன்னொண்டு. 2021 இல ரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. ஒரு போகத்துக்குள்ள முழு நாடும் சேதனப் பசளைக்கு மாற வேணுமாம். நவம்பரில தடை தளர்ந்தது. இடையில பயிர் பட்ட பாட்டை வயலில நிண்ட எல்லாரும் கண்டவை. முதலே கமக்காரரிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பம். "எங்களுக்குத் தெரியாது, கேப்பம்" எண்டு மேல இருக்கிறவை சொல்லிப் பழகட்டும். கீழ இருக்கிறவனுக்கு ஏன் பாடம்?


நைற்டியூட்டி | திங்கள் காலை 6.30

புளியங்குளத்தான் அண்ணா சொல்றது என்னை நல்லா யோசிக்க வைக்குது. வேலை முடிஞ்சு வந்து பிறகு எழுதுறன்.


குளக்கட்டு | திங்கள் காலை 6.45

அண்ணை, நீங்கள் சொன்னதில ஒரு எழுத்தும் பிழையில்லை. ஆனால் அம்மாட்ட இருந்ததும் நான் சொல்லவாறதும் ஒரே சாமானோ? எனக்கு அது விளங்கேல்லை. ரீச்சர், நீங்கள் இதைப்பற்றி வாசிச்சிருப்பியள்.


வெண்கட்டி | திங்கள் பிற்பகல் 3.25

ஒரே சாமான் இல்லை என்றுதான் நினைக்கிறேன். சொல்தான் எங்களைக் குழப்புகிறது. தமிழில் பணிவு என்றால் ஒரு ஆளுக்கு முன்னால் பணிவது. பரிசளிப்பு விழாவில் "கற்றது கைம்மண்ணளவு" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு இறங்குவோம். அடுத்த நிமிடம் எங்கள் கருத்தில் ஒரு மயிரிழை அசையாது.

2017 இல் விற்கொம், பற்றலி, பேஹர், ஹவார்ட்-சினைடர் என்ற நான்கு மெய்யியலாளர்கள் அறிவுப் பணிவு பற்றி எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. தன் அறிவின் எல்லைகளைத் தனது என்று ஏற்பதுதான் அவர்கள் தரும் விளக்கம். அந்தக் கவனம் குறைந்தால் அகந்தை. மிஞ்சிப் போனால் அடிமைத்தனம்: தன் குறையை மட்டுமே பார்த்து, தனக்குத் தெரிந்ததையும் தெரியாது என்று நினைப்பது. புளியங்குளத்தான் தம்பியின் அம்மாவுக்கு நிலத்தடித் தண்ணீர் தெரியும். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல அவருக்கு இடம் கிடைக்கவில்லை. வரைபடத்தோடு வந்தவருக்குத்தான் தன் எல்லை தெரியவில்லை.

இதற்கு "அளவறிதல்" என்று பேர் வைத்தால் என்ன என்று இன்று வகுப்பில் இருந்து யோசித்தேன். மாரியில் எங்கள் ஊரில் ஆளை ஆள் கண்டால் முதல் கேள்வி "குளம் எத்தினை அடி?" என்பதுதானே. குளக்கட்டில் நிற்கும் அளவுக்கோல் 14 அடி என்று காட்டினால் குளத்துக்கு வெட்கமா? அதை வைத்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுக்கிறோம். 14 அடித் தண்ணீரை 30 அடி என்று சொன்னாலும் பயிர் சாகும். 30 அடித் தண்ணீரை 14 என்று சொன்னால் விதைக்கக்கூடிய வயலெல்லாம் சும்மா கிடக்கும். தம்பியின் அம்மா இரண்டாவது.


புளியங்குளத்தான் | திங்கள் மாலை 6.10

அளவறிதல் நல்ல சொல். அதை ஏற்கிறன். ஆனால் ரீச்சர், அளவுக்கோலை ஆர் வாசிக்கினம் எண்டதும் கேள்விதான். நீங்கள் பிழையெண்டு சொன்னதுக்கு ஒரு தாய் படலையடியில கதைச்சுது. ஒரு பெரிய அதிகாரி அதையே சொன்னால் "எவ்வளவு பெருந்தன்மை" எண்டிருப்பினம். "தெரியாது" எண்ட சொல்லுக்கு ஆளுக்காள் விலை வேற.


வெண்கட்டி | திங்கள் மாலை 6.32

ஆம். அதை நான் உளவியல் கட்டுரைகளில் போதுமான அளவு காணவில்லை. பெரும்பாலான ஆய்வுகள் ஒரு ஆளின் குணமாகவே இதை அளக்கின்றன. அதுவும் வினாக்கொத்துக் கொடுத்து, "என் கருத்து பிழையாக இருக்கலாம் என்று ஏற்பேன்" போன்ற வசனங்களுக்கு அவரவரே புள்ளி போடுவது. தன் அளவு தெரியாதவர் அந்தத் தாளிலும் தன் அளவைப் பிழையாகத்தானே போடுவார்?

அப்படி அளந்தும் சில நல்ல விசயங்கள் கிடைத்திருக்கின்றன. டியூக் பல்கலைக்கழகத்தின் மார்க் லீரியும் கூட்டாளிகளும் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் குணம் கூடியவர்கள், கருத்தை மாற்றிய அரசியல்வாதியைப் "பேச்சு மாறுறவர்" என்று ஏசுவது குறைவு. வலுவான வாதத்துக்கும் சொத்தி வாதத்துக்கும் உள்ள வித்தியாசமும் அவர்களுக்குக் கூடுதலாகப் பிடிபட்டது.


நைற்டியூட்டி | திங்கள் இரவு 9.05

இப்பத்தான் நேரம் கிடைச்சது. நான் தாதி. ஆஸ்பத்திரி பேர் வேண்டாம்.

அறுவடை நேரம் வந்தால் எங்களுக்குப் பாம்புக்கடி. கூட்டிக்கொண்டு வாற ஆக்கள் ஒவ்வொருத்தரும் என்ன பாம்பு எண்டு அடிச்சுச் சொல்லுவினம். ஒரு இரவு ஒராள் தானே நடந்து வந்தார். "மலைப்பாம்புக் குட்டி பிள்ளை, விசமில்லை, மனுசி கரைச்சல் தாங்காமல் வந்தனான்" எண்டார். ஆள் நல்லா இருக்கிறார். காலில சின்ன வீக்கம். காட்டுக்குப் போய் வந்து பழகின மனுசன், அவருக்குப் பாம்பு தெரியாதோ எண்டு எனக்கும் நினைப்பு. வேலைக்கு வந்து ரெண்டு மாதம் தான் அப்ப.

டொக்டர் இளம் பெடியன். "பாம்பைக் காணாமல் என்னால சொல்லேலாது. கண்டாலும் நான் பிழை விடலாம். குழாயைக் கேப்பம்" எண்டார். துப்பரவான காய்ஞ்ச கண்ணாடிக் குழாய்க்குள்ள கொஞ்ச ரத்தம். ஆட்டக்கூடாது, அசைக்கக்கூடாது, 20 நிமிடம் அப்பிடியே நிமிர்த்தி வைக்கோணும். பிறகு ஒரேயொருக்காச் சரிச்சுப் பாக்கோணும். உறைஞ்சிருந்தால் கட்டியா நிக்கும். நான் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டன். அந்த மனுசன் கட்டிலில இருந்து எங்களுக்கு மாடு துலைஞ்ச கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். 20 நிமிடம் முடிய டொக்டர் சரிச்சார். ரத்தம் தண்ணி மாதிரி ஓடிச்சுது.

புடையன் பாம்பு. அதின்ர விசம் ரத்தத்தை உறைய விடாது. உடன விசமுறி ஏத்தினது. ஆள் தப்பினார்.

எனக்கு அந்த டொக்டர்ட்டப் பிடிச்சது, "தெரியாது" எண்டு சொன்னதோட அவர் நிக்கேல்லை. தெரியாததை அறிய அவரிட்ட ஒரு வழி இருந்தது. 20 நிமிடம் பொறுக்கவும் தெரிஞ்சது. முதல் குழாய் உறைஞ்சாலும் நாங்கள் ஆளை வீட்டை விடுறேல்லை, ஆறு மணித்தியாலத்தில திருப்பிப் பாப்பம். முதல் விடையையும் நம்பி இருக்கிறேல்லை.

புளியங்குளத்தான் அண்ணா, உங்கட கேள்விக்கு என்ர சின்ன மறுமொழி: அந்த வாட்டில அவருக்கு "தெரியாது" எண்டு சொல்லப் பயமில்லாமல் இருந்ததுக்குக் காரணம், பெரிய டொக்டரும் அப்பிடித்தான் சொல்லுவார். மேல இருந்து வந்த பழக்கம்.


அக்கராயன்பெடியன் | செவ்வாய் இரவு 8.00

ரீச்சர், போய் மூலக் கட்டுரையை எடுத்துப் பாத்தன். மலைப்படம் இல்லை. நீங்கள் சொன்னது சரி. லெக்சரருக்கும் மெயில் போட்டிருக்கிறன், இன்னும் பதில் இல்லை.

இதையும் எழுத வேணும். இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போறதைப் பற்றி முந்தி எங்கட வீட்டில பெரிய சண்டை. அப்பா கமக்காரன், தரேலாது எண்டுவார். மாமா யாழ்ப்பாணம், குடிதண்ணி கேட்டால் மறுக்கிறதோ எண்டுவார். பிறகு தாளையடியில கடல்தண்ணியைச் சுத்திகரிக்கிற திட்டம் வந்தும் ரெண்டு பேரும் விடேல்லை. ஃபேர்ன்பாக், ஸ்லோமன் ஆக்கள் 2013 இல செய்த ஆய்வு ஒண்டு வாசிச்சன். அரசியல் கொள்கை ஒண்டை ஏன் ஆதரிக்கிறாய் எண்டு கேட்டால் ஆக்கள் அசையேல்லையாம். அது எப்பிடி வேலை செய்யும் எண்டு படிப்படியா விளக்கச் சொன்னால் விளக்கேலாமல் நிண்டு, கருத்தும் இளகிச்சுதாம். வீட்டில செய்து பாத்தன். "அப்பா, எந்த மாதம், எத்தினை அடியில, எவ்வளவு தண்ணி போகும், சிறுபோகத்துக்கு எவ்வளவு மிஞ்சும், சொல்லுங்கோ" எண்டன். மாமாட்டையும் அதையே கேட்டன். ரெண்டு பேரும் பாதியில நிண்டிட்டினம். "உந்தக் கணக்கு எனக்குச் சரியாத் தெரியாது" எண்டு அப்பா வாயால வந்ததை நான் முதல்முதல் கேட்டன்.

ஆனால் கருத்து மாறேல்லை. ரெண்டு பேருக்கும். எனக்குக் கவலையாப் போச்சு. பிறகு இன்னும் தேடினன். குறோபோர்ட், ருஷியோ எண்ட ரெண்டு பேர் அந்த ஆய்வை மூண்டு தரம் திருப்பிச் செய்து 2021 இல வெளியிட்டிருக்கினம். விளக்கச் சொன்னால் "எனக்கு விளங்கும்" எண்ட நினைப்புக் குறையுது, அது திரும்பவும் கிடைச்சுது. கருத்து இளகுது எண்டது கிடைக்கேல்லை. எங்கட வீட்டிலயும் அதுதான் நடந்தது.


குளக்கட்டு | செவ்வாய் இரவு 8.35

தம்பி, நீ இதைத் தேடிப் போட்டது பெரிய விசயம். நானும் அந்த 2013 ஆய்வை நம்பித்தான் இருந்தனான். ஆளை விளக்கச் சொன்னால் ஆள் மாறிவிடும் எண்டு.

ஆனால் அப்பா "தெரியாது" எண்டு சொன்னாரே. அதுக்குப் பிறகு சண்டை எப்பிடி?


அக்கராயன்பெடியன் | செவ்வாய் இரவு 8.41

சண்டை இருக்கு. ஆனால் மாமா சாப்பிட்டிட்டுப் போனவர். முந்தின தரம் சாப்பிடாமல் போனவர்.


புளியங்குளத்தான் | செவ்வாய் இரவு 9.20

நைற்டியூட்டி தங்கச்சி எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கேட்டிட்டு அம்மா சொன்னா, "அந்தப் பெடியனும் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பன்." பதினாலு வருசத்துக்குப் பிறகு. கேக்காத கேள்விக்கு மறுமொழியை இவ்வளவு காலமும் வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா. நானும் கேட்டதில்லை. அதுதான் எனக்கு நெஞ்சுக்க நிக்குது.


முத்தையன்கட்டு_வலதுகரை | புதன் காலை 5.30

வணக்கம். நெடுக வாசிக்கிறனான், இண்டைக்குத்தான் எழுதுறன். குளக்கட்டு அண்ணை, எங்கட வயலிலயும் மஞ்சள் வட்டம் ஒண்டு தெரியுது. கடைசியில நீங்கள் என்ன செய்தனீங்கள்? அதை எழுதாமல் விட்டிட்டியள்.


குளக்கட்டு | புதன் காலை 5.52

தம்பி, முதல் இறங்கித் தூரை விரிச்சுப் பாருங்கோ. வட்டத்துக்கு நடுவில பாக்காதேங்கோ, அங்க பயிர் செத்துப் பூச்சி நகர்ந்திருக்கும். ஓரத்தில, பச்சையும் மஞ்சளும் சந்திக்கிற இடத்தில பாருங்கோ. நான் ஐயா சொன்னபடி தண்ணியை வடிய விட்டனான், யூரியாவை நிப்பாட்டினனான், இடையிடை பயிரை விலக்கிக் காத்துப் போக விட்டனான். பிறகுதான் விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் சொன்ன மருந்தை அடித்தண்டில படுறமாதிரி வட்டத்திலயும் சுத்திவரவும் மட்டும் அடிச்சது. முக்கால் ஏக்கர் அழிஞ்சு போட்டுது. மிச்சம் நிண்டது.

ஆனால் என்ர வயல் மணல் கலந்தது, ரெண்டு நாளில வடியும். உங்கட பக்கம் களியெண்டால் எப்பிடி வடியுமெண்டு எனக்குத் தெரியாது. பக்கத்தில பழைய கமக்காரர் ஆரும் இருந்தால் கேளுங்கோ. நீங்கள் பாத்ததை எழுதுங்கோ, நானும் ஐயாட்டக் கேட்டு வைக்கிறன்.


முத்தையன்கட்டு_வலதுகரை | புதன் காலை 6.40

இறங்கிப் பாத்தன் அண்ணை. ஓரத்தில பூச்சி ஒண்டுமில்லை. தூரைப் புடுங்கிப் பாத்தால் வேர் கறுத்திருக்கு, மணக்குது. இது வேற ஏதோ. போதனாசிரியருக்குக் கோல் அடிச்சனான், பத்து மணிக்கு வாறாராம்.